குவியம் எட்டும் வழி: தொலைநோக்கியில் ஒரு விரற்கிடைக் கணக்கு

கல்லூரிகள் பலவற்றின் இயற்பியல் ஆய்வகங்களில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தொலைநோக்கி நிற்பதைக் காணலாம். பழைய மாணவர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ அன்புடன் வழங்கியதாக அதன் அடியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். வாங்கிய புதிதில் ஓரிரு இரவுகள் அது மாடிக்குச் சென்றிருக்கும். பின்னர், ‘சரியாகத் தெரியவில்லை’ என்னும் ஒற்றைத் தீர்ப்போடு பேழைக்குத் திரும்பியிருக்கும். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை.

அத்தகைய கருவிகள் பலவற்றில் ஆடியும் பழுதில்லை, வில்லையும் பழுதில்லை. கண்ணை வைக்கும் இடத்திற்கும் ஒளி வந்து கூடும் இடத்திற்கும் இடையே சிறிதளவு நீளம் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். அந்நீளத்தை அளந்தறிந்து ஈடுசெய்வது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை நாங்கள் நூலில் படித்து அறிந்ததைவிட, ஓர் இழப்பினால் அறிந்ததே மிகுதி. ஆதலின் முதற்கண் அவ்விழப்பைக் கூறிவிடுகிறோம்.

மூன்று நிமிடங்களில் இழந்தது

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வளையச் சூரிய மறைப்பு ஒன்று நிகழ்ந்தது. அதன் பாதை தமிழகத்தின் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளின் வழியே சென்றது. ஆசிரியர் சிலரும் மாணவர் சிலருமாக நாங்கள் அப்பாதையில் அமைந்த ஒரு சிற்றூருக்குத் தொலைநோக்கியுடன் சென்றிருந்தோம். எங்களிடம் இருந்தது 150 மி.மீ. அகலமும் 750 மி.மீ. குவியத் தூரமும் உடைய குழியாடித் தொலைநோக்கி. அதன் முன்வாய் முழுவதையும் சூரியனுக்குரிய வடிகட்டித் தகட்டால் மூடியிருந்தோம். கண்ணால் பார்த்தபோது சூரிய விளிம்பு கத்தி முனைபோல் தெளிவாக இருந்தது.

வளையம் தோன்றும் நேரம் நெருங்கிற்று. கண் வைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, அங்கே கேமராவைப் பொருத்தினோம். திரையில் தெரிந்தது ஒரு மங்கலான வட்டம். குவியத்தைச் சரிசெய்யும் குழலை உள்ளே தள்ளினோம். வட்டம் சிறிது தெளிந்தது. மேலும் தள்ளினோம், குழல் அடியில் முட்டி நின்றுவிட்டது. தெளிவு வரவில்லை. திருகாணிகளைத் தளர்த்தினோம், வளையங்களை மாற்றினோம், கைகள் நடுங்கின. வளையம் நிலைத்தது ஏறத்தாழ மூன்று நிமிடங்களே. மீண்டும் பழைய அமைப்பைப் பொருத்தி நிமிர்ந்தபோது வளையம் உடைந்து பிறையாகிவிட்டது. ஒளிப்படமும் இல்லை, தொலைநோக்கியின் வழியே அவ்வளையத்தைக் காண வரிசையில் நின்றிருந்த மாணவர்க்குக் காட்சியும் இல்லை.

ஊர் திரும்பியபின் அளந்து பார்த்தோம். எங்களுக்குக் குறைவாக இருந்த நீளம் 17 மி.மீ. நம் முன்னோர் விரற்கிடை என்று வழங்கிய ஒரு விரலின் அகலத்திற்கும் சற்றுக் குறைவானது அது. முன்னாளே ஓர் அளவுகோலை எடுத்திருந்தால் அதை அறிந்திருப்போம்.

குவியம் என்பது யாது?

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் நேர்கோடாகப் பரவுகிறது என்பது அந்நூல் நிறுவிய கொள்கைகளுள் ஒன்று. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. அவ்வாறு பரவிய ஒளி, கண்ணின் உள்ளே விழித்திரையில் மீண்டும் புள்ளிக்குப் புள்ளியாகக் கூடுவதை 1604இல் கெப்ளர் விளக்கினார். இவ்விரு கருத்துகளையும் இணைத்துப் பார்த்தால் குவியத்தின் பொருள் விளங்கிவிடும். பரவிய ஒளியை மீண்டும் ஓரிடத்தில் கூட்டுவது வில்லையின் அல்லது குழியாடியின் தொழில். அது கூடும் இடமே குவியம். நிலவைப்போல் அகன்ற பொருளாயின், அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கூடும் இடம் உண்டு. அவ்விடங்கள் யாவும் சேர்ந்து அமையும் தளத்தைக் குவியத் தளம் என்கிறோம்.

அத்தளத்தில் ஒரு மெய்யுரு உண்டாகிறது. 750 மி.மீ. குவியத் தூரமுள்ள ஆடி, நிலவை ஏறத்தாழ 7 மி.மீ. அகலமுள்ள சிறு வட்டாக அங்கே வரைகிறது. அச்சிற்றுருவை அருகிருந்து பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியே கண்ணருகு வில்லை. கடைகளில் இதனை ‘ஐபீஸ்’ என்பர்; சுருக்கம் கருதிக் கண்வில்லை என்றே இங்கு வழங்குவோம். கண்வில்லைக்கும் தனக்கென ஒரு குவியத் தளம் உண்டு. ஆடியின் குவியத் தளமும் கண்வில்லையின் குவியத் தளமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போதுதான் காட்சி தெளிவாகும்.

அவ்வாறு பொருத்துவதற்கென்றே கண்வில்லையைத் தாங்கி உள்ளும் புறமும் நகரும் ஒரு குழல் உள்ளது. ‘ஃபோகசர்’ எனப்படும் இதனை நகர்குழல் என்போம். எளிய கருவிகளில் இதன் நகர்ச்சி மூன்று அல்லது நான்கு விரற்கிடைக்கு மேற்படுவது அரிது. குவியத் தளம் அந்நகர்ச்சியின் எல்லைக்குள் அமைந்தால் தெளிவு கிட்டும். எல்லைக்கு வெளியே அமைந்தால் எத்துணை விலையுயர்ந்த வில்லையாயினும் மங்கலையே காட்டும்.

அகநகர்வும் புறநகர்வும்

குவியம் எட்டாமைக்குரிய காரணங்கள் இரண்டே. குழல் இன்னும் உள்ளே செல்ல வேண்டியிருந்தும் செல்ல இடமில்லாமை ஒன்று. இன்னும் வெளியே வரவேண்டியிருந்தும் வர நீளமில்லாமை மற்றொன்று. அகம், புறம் எனப் பகுத்து நோக்கும் மரபு தமிழ் மாணவர்க்குப் பழகியதே. ஆதலின் முன்னதை அகநகர்வுக் குறை என்றும், பின்னதைப் புறநகர்வுக் குறை என்றும் பெயரிட்டுக் கொள்ளலாம்.

எக்குறை நேர்ந்துள்ளது என்பதை அறிவது எளிது. ஒளிமிக்க விண்மீன் ஒன்றை நோக்கிக் கருவியைத் திருப்புக. குவியம் எட்டாத நிலையில் அது ஒரு வட்டத் தட்டாகத் தெரியும். நகர்குழலை மெல்ல உள்ளே செலுத்துக. தட்டு சுருங்கிக்கொண்டே வந்து, குழல் முட்டிய பின்னும் புள்ளியாகவில்லையெனில் அது அகநகர்வுக் குறை. வெளியே இழுக்கும்போது தட்டு சுருங்கி, குழல் முடிந்தபின்னும் புள்ளியாகவில்லையெனில் அது புறநகர்வுக் குறை.

இவ்விரண்டனுள் புறநகர்வுக் குறையைத் தீர்ப்பது மிக எளிது. வெற்றுக் குழல் ஒன்றை இடையில் சேர்த்தால் போதும்; நீட்டிப்புக் குழல் என்று அது விற்கப்படுகிறது. அகநகர்வுக் குறையைத் தீர்ப்பதோ அரிது. இல்லாத நீளத்தைச் சேர்க்கலாம். இருக்கும் உலோகத்தைக் கரைக்க இயலாது. எனவே பொருள் வாங்குமுன் அஞ்சவேண்டியது அகநகர்வுக் குறைக்கே எனலாம்.

இணைப்பு வளையங்கள் செய்யும் குழப்பம்

கண்வில்லைகளின் அடிக்குழல் அளவுகள் மூன்று. பழைய சிறு கருவிகளில் 24.5 மி.மீ., இன்று பரவலாக வழங்குவது 31.75 மி.மீ., அகன்ற காட்சி தருவனவற்றில் 50.8 மி.மீ. ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவிற்கு மாற்றித் தருவன இணைப்பு வளையங்கள். அடாப்டர் என்னும் பெயரால் இவற்றைக் கடைகளில் கேட்டுப் பெறலாம்.

வளையம் அகலத்தை மட்டும் மாற்றுகிறது என்று நாம் எண்ணுகிறோம். அது நீளத்தையும் மாற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். நகர்குழலின் விளிம்போடு விளிம்பாகப் படிந்து, நீளம் எதையும் கூட்டாத வளையங்களும் உண்டு, 30 மி.மீ. அளவுக்கு மேலே உயர்ந்து நிற்பனவும் உண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினும், அகநகர்வு குறைந்த கருவியில் முதலாவது குவியம் தரும், இரண்டாவது தராது.

புதியோர் பலர் செய்யும் தவறு ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். குழியாடித் தொலைநோக்கிகள் சிலவற்றுடன் இரண்டு வளையங்கள் தரப்படுகின்றன. ஒன்று பெரிய கண்வில்லைக்கு, மற்றொன்று சிறிய கண்வில்லைக்கு. ஏதேனும் ஒன்றை மட்டுமே பொருத்த வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டு, ‘கருவி பழுது’ என்று திருப்பி அனுப்புவோர் உண்டு. வளையம் ஒன்றைக் கழற்றிய அளவில் நிலவின் குழிகள் தெளிவாகத் தோன்றும்.

வில்லைத் தொலைநோக்கியும் செங்கோண ஆடியும்

முன்புறம் பெரிய வில்லை உடைய தொலைநோக்கியில் குவியம் குழலின் பின்முனைக்கு வெளியே வெகு தொலைவில் அமைக்கப்பட்டிருக்கும். தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்க்கும்போது கழுத்து நோகாதிருக்க, ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் ஆடியோ முப்பட்டகமோ பின்முனையில் பொருத்தப்படுவதே அதற்குக் காரணம். அதனைச் செங்கோண ஆடி எனலாம். ‘டயகனல்’ என்பது கடைப்பெயர். சிறிய அளவில் அதனுள் ஒளி செல்லும் பாதை ஏறத்தாழ 70 மி.மீ.; பெரிய அளவில் 100 மி.மீ.க்கும் மேல். கருவி செய்வோர் இந்நீளத்தை முன்கூட்டியே கணக்கிட்டு இடம் விட்டிருப்பர்.

எனவே செங்கோண ஆடியை எடுத்துவிட்டுக் கண்வில்லையை நேராகச் செருகினால் புறநகர்வுக் குறை தோன்றும். ஆடியின் ஒளிப்பாதைக்கு ஈடான நீட்டிப்புக் குழலைச் சேர்த்தல் வேண்டும். சிறிய செங்கோண ஆடிக்காக அமைந்த கருவியில் பெரியதைப் பொருத்தினால் அகநகர்வுக் குறை தோன்றக்கூடும். ஒரே பெயருடைய இரு பொருள்கள் எதிர் எதிர் விளைவுகளைத் தருவது இதனால்தான்.

பகலில் அருகிலுள்ள பொருளைப் பார்த்துக் கருவியைச் சோதிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. விண்மீனின் ஒளி கூடும் இடத்தில் அருகிலுள்ள பொருளின் ஒளி கூடாது. சற்று வெளியே தள்ளியே கூடும். 750 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில், 50 மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்குக் குவியம் 11 மி.மீ.க்கும் சற்று மிகுதியாக வெளியே நகர்கிறது. ஆதலின் தெருமுனைப் பலகையில் எட்டிய குவியம் இரவில் விண்மீனுக்கு எட்டாது போகலாம். அகநகர்வை இரவு வானத்தில் சோதிப்பதே முறை.

குழியாடித் தொலைநோக்கியும் கேமராவும்

நியூட்டன் 1668இல் செய்த குழியாடித் தொலைநோக்கியின் வழிவந்த கருவிகளே இன்று கல்லூரிகளில் மிகுதி. குழலின் அடியிலுள்ள குழியாடி ஒளியைத் திரட்டி மேலே அனுப்ப, சாய்வாக நிற்கும் சிறிய சமதள ஆடி அதனைப் பக்கவாட்டில் திருப்புகிறது. அச்சமதள ஆடி பெரிதானால் வரும் ஒளியை மறைக்கும். ஆகவே அதனைச் சிறிதாக வைத்து, குவியம் குழலின் பக்கச் சுவருக்கு அணித்தாகவே அமையுமாறு செய்கின்றனர். கண்ணால் பார்ப்பதற்கு இதுவே சிறந்தது. கேமராவுக்கோ இதுவே இடையூறு.

ஏனெனில் கேமராவின் ஒளியுணரும் தகடு அதன் முன்வாயில் இல்லை. உள்ளே ஆழத்தில் உள்ளது. கேனான் நிறுவனத்தின் ‘ஈ.எஃப்.’ வகை ஆடிக் கேமராக்களில் அவ்வாழம் 44 மி.மீ.; நிக்கான் ‘எஃப்’ வகையில் 46.5 மி.மீ. கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் ‘டி வளையம்’ முதலதற்கு 11 மி.மீ., இரண்டாவதற்கு 8.5 மி.மீ. கனமுடையது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 55 மி.மீ. ஆகும். எக்கேமராவாயினும் இத்தொகை 55 ஆகவே அமைய வேண்டும் என்பது டி வளையத்தின் ஏற்பாடு. சோனி ‘ஈ’ வகைபோன்ற ஆடியில்லாக் கேமராக்களின் ஆழம் 18 மி.மீ. மட்டுமே. எனினும் அதற்குரிய டி வளையம் 37 மி.மீ. நீளமாகச் செய்யப்படுகிறது. மெல்லிய கேமரா வாங்கினால் குவியம் எளிதில் எட்டும் என்று எண்ணுவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

எங்கள் கருவியில், நகர்குழலை முற்றிலும் உள்ளே தள்ளியபோது குவியத் தளம் அதன் மேல்விளிம்பிலிருந்து 38 மி.மீ. உயரத்தில் இருந்தது. கேமராவுக்குத் தேவை 55 மி.மீ. ஐம்பத்தைந்தில் முப்பத்தெட்டைக் கழித்தால் பதினேழு. அன்று வளையத்தை எங்களிடமிருந்து பறித்தது இச்சிறு கழித்தற்கணக்கே.

குறை தீர்க்கும் வழிகள்

அகநகர்வுக் குறையைத் தீர்க்கும் வழிகளுள் எளியது பார்லோ வில்லை. ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயரால் 1830களிலிருந்து வழங்கும் குழிவில்லை அது. குவியத்திற்குச் செல்லும் ஒளிக்கூம்பின் குறுக்கே குழிவில்லையை வைத்தால், ஒளி சற்று விரிந்து, கூடும் இடம் வெளியே தள்ளிப்போகிறது. உருவும் பெரிதாகிறது. 1609இல் கலீலியோ குவியத்திற்கு முன்பாகவே குழிவில்லையை வைத்துப் பார்த்தார்; பார்லோ வில்லையும் அதே இடத்தில் நிற்கிறதாயினும் ஒளியை முற்றும் விரித்துவிடாமல் குவியத்தைத் தள்ளி வைப்பதோடு நின்றுவிடுகிறது.

எண்ணால் காண்போம். பார்லோ வில்லையின் குவியத் தூரம் 100 மி.மீ. என்க. அது பழைய குவியத்திற்கு 50 மி.மீ. உள்ளே நின்றால், புதிய குவியம் பார்லோவிலிருந்து 100 மி.மீ. தொலைவில் அமையும். அதாவது பழைய இடத்திலிருந்து 50 மி.மீ. வெளியே. உரு இரு மடங்காகும். எங்களிடம் இப்போதுள்ள பார்லோ குழலில், வில்லை அதன் தோளிலிருந்து 45 மி.மீ. கீழே உள்ளது, தோளின்மீது டி வளையம் நேராகத் திருகப்படுகிறது. 45உம் 55உம் சேர்ந்து 100 ஆகிவிடுகின்றன. தோள் பழைய குவியத்திற்கு 5 மி.மீ. கீழே நின்றால் போதும். குவியத்தின் உயரம் 38 மி.மீ. ஆதலால் நகர்குழலை 33 மி.மீ. வெளியே இழுக்கிறோம். 17 மி.மீ. பற்றாமல் தவித்த கருவியில் இன்று 33 மி.மீ. கையிருப்பு உள்ளது.

இதனால் சூரிய உருவம் 7 மி.மீ.யிலிருந்து 14 மி.மீ. ஆகும். நடுத்தரக் கேமராவின் ஒளியுணர் தகட்டின் குறும்பக்கம் ஏறத்தாழ 15 மி.மீ.; எனவே முழு வட்டமும் அதில் அடங்கும். உரு பெரிதாவதால் ஒளி மங்கும் என்பதே இழப்பு. சூரியனுக்கும் நிலவுக்கும் அவ்விழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. மங்கலான ஒளிமுகில்களைப் படமெடுக்க விழைவோர்க்கு இது பொருந்தாது.

அவர்களுக்குரிய வழி, குழியாடியையே மேலே உயர்த்துவதாகும். ஆடியை 17 மி.மீ. உயர்த்தினால் குவியமும் 17 மி.மீ. வெளியே வரும். ஆனால் சமதள ஆடியின்மீது விழும் ஒளிக்கூம்பு 3.4 மி.மீ. அகன்றுவிடும். சமதள ஆடி அதற்கு இடம் தராவிடில் ஒளியின் ஒரு பகுதி வீணாகும். உயரங்குறைந்த நகர்குழலைப் பொருத்துவது மற்றொரு வழி. கண்வில்லைபோல் உள்ளே செருகத்தக்க சிறு கேமராக்களை வாங்குவது பிறிதொரு வழி. அவற்றில் ஒளியுணர் தகட்டின் ஆழம் 12.5 மி.மீ. அல்லது 17.5 மி.மீ. அளவே.

செலவில்லா வழியும் ஒன்று உண்டு. கண்வில்லையை எடுக்காமல், கண் வைக்கும் இடத்தில் கைப்பேசியின் கேமராவை வைப்பது. கண்ணுக்குத் தெளிந்த காட்சி கைப்பேசிக்கும் தெளியும். கூடுதல் அகநகர்வு வேண்டியதில்லை. கைப்பேசியை அசையாமல் பிடிக்கும் பிடிகருவி ஒன்றே தேவை. 2019இல் இதனை நாங்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

பிற துணைப்பொருள்கள்

இரு கண்களாலும் பார்க்க உதவும் இரட்டைக் கண்கருவியின் ஒளிப்பாதை பெரும்பாலும் 100 மி.மீ.க்கும் மேல். அதற்கும் முன்னால் ஒரு பார்லோ வில்லையை வைப்பதே வழக்கம். பார்லோவிற்கும் கண்வில்லைக்கும் இடையே தொலைவு கூடினால் உருப்பெருக்கமும் கூடும். மேற்கூறிய 100 மி.மீ. பார்லோவிற்குப் பின் 70 மி.மீ. செங்கோண ஆடியை வைத்தால் இரு மடங்கு 2.7 மடங்காகிறது. குவியத் தூரத்தைக் குறைக்கும் குவிவில்லைத் தொகுதியோ இதற்கு நேர்மாறாகக் குவியத்தை உள்ளே இழுக்கும். அகநகர்வு குறைந்த கருவிக்கு அது ஆகாது.

நிற வடிகட்டிபோன்ற தட்டைக் கண்ணாடி குறுக்கே வந்தால், தன் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்களவு குவியத்தை வெளியே தள்ளும். 3 மி.மீ. கண்ணாடிக்கு 1 மி.மீ. எனக் கொள்க.

பார்ப்பவரின் கண்ணும் ஒரு துணைப்பொருளே. கிட்டப்பார்வை உடையவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் குழலை உள்ளே தள்ளவேண்டும். அவரது கண்ணாடியின் திறன் 4 டயாப்டர், கண்வில்லையின் குவியத் தூரம் 25 மி.மீ. எனில் அவ்வகநகர்வு 2.5 மி.மீ. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணுக்கேற்பக் குழலைத் திருப்பிக்கொள்ள இடந்தருதல் வேண்டும். ‘எனக்குத் தெரிகிறது, உங்களுக்கு ஏன் தெரியவில்லை?’ என்று முதியவர்களிடம் கேட்பது முறையன்று.

இச்சிறு நீளங்கள் பெரியோரையும் விடுவதில்லை. 1990இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் மங்கலாக வந்ததை அறிவோம். அதன் பெரிய ஆடியைத் தேய்த்தபோது சோதிக்கப் பயன்பட்ட கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறியிருந்தது. அதனை நம்பித் தேய்த்ததால் ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் மிகுதியாகத் தட்டையாயிற்று. 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியமைப்புகளைப் பொருத்தியபின்னரே அது தெளிந்தது. அளவுகோலை அலட்சியம் செய்தவர் நாங்கள் மட்டுமல்லர் என்பது ஓர் ஆறுதல். அலட்சியத்திற்கு அது விலக்காகாது.

வாங்குமுன் அளக்கும் முறை

அளப்பதற்கு வேண்டுவன ஒரு மெல்லிய டிரேசிங் தாள், ஓர் அளவுகோல், நிலவுள்ள ஓர் இரவு. கண்வில்லையையும் வளையங்களையும் நீக்குக. நகர்குழலை முற்றிலும் உள்ளே தள்ளுக. கருவியை நிலவை நோக்கித் திருப்பி, குழலின் வாய்க்கு மேலே தாளைப் பிடித்து மெல்ல உயர்த்துக. நிலவின் உருவம் தாளில் கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்தி, விளிம்பிலிருந்து தாள்வரை அளக்க. அதுவே குவிய உயரம். அதனைக் கருவியின்மீதே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுக. வாங்க எண்ணும் ஒவ்வொரு பொருளின் ஒளிப்பாதை நீளத்தையும் விற்போரிடம் கேட்டு எழுதிக் கூட்டுக. கூட்டுத்தொகை குவிய உயரத்தைவிட மிகுந்தால் அகநகர்வுக் குறை வரும். குறைந்தால், அவ்வேறுபாட்டை நகர்குழலின் நகர்ச்சி நிரப்புமா என்று பார்க்க.

இச்சோதனையைச் சூரியனை நோக்கி ஒருபோதும் செய்தல் கூடாது. தாள் எரியும், கண் கெடும். சூரியனைக் காண்போர் தொலைநோக்கியின் முன்வாயை முழுதும் மூடும் தக்க வடிகட்டியையே பயன்படுத்த வேண்டும். கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். பக்கத்திலுள்ள சிறு வழிகாட்டித் தொலைநோக்கியையும் மூடிவிடுதல் வேண்டும்.

நிறைவாக

கல்லூரிக்குத் தொலைநோக்கி வழங்க முன்வரும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். கருவியின் அகலத்தையும் உருப்பெருக்கத்தையும் கேட்பதோடு நில்லாமல், அதனோடு எந்தக் கேமராவும் எந்தத் துணைப்பொருளும் குவியம் எட்டும் என்பதையும் கேட்டறிந்து வழங்குங்கள். ஆசிரியப் பெருமக்கள் பேழைக்குள் உறங்கும் கருவியை ஓர் இரவு வெளியே கொணர்ந்து, அதன் குவிய உயரத்தை மாணவரைக்கொண்டே அளக்கச் செய்யுங்கள். பழுது என்று ஒதுக்கப்பட்டதில் பழுதில்லை என்பது அன்றே தெரிந்துவிடலாம். தமிழ் மாணவர்கள் இத்துணைப்பொருள்களுக்கு ஏற்ற பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். பெயர் தெளிவானால் பொருள் தெளியும்; அகநகர்வு, புறநகர்வு என்று பெயரிட்ட பின்னரே எங்கள் தவறு எங்களுக்கு விளங்கிற்று.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மற்றொரு வளையச் சூரிய மறைப்பு தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து செல்லவிருக்கிறது. அன்றும் வளையம் சில நிமிடங்களே நிற்கும். எங்கள் கருவியின் பக்கத்தில் இப்போது ஒரு சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. ‘குவிய உயரம் 38 மி.மீ.; பார்லோவுடன் குழலை 33 மி.மீ. வெளியே இழுக்க’ என்பதே அதில் உள்ள வாசகம். அன்று கருவியைக் கையாளப்போகும் மாணவர்கள் இன்று பள்ளியில் பயின்றுகொண்டிருக்கக்கூடும். அவர்களுக்காகவே அச்சீட்டை எழுதி வைத்திருக்கிறோம்.